நிற்கவில்லை அக்கா, அப்கிரேட் ஆகிறது!

நேரடி விற்பனை உலகத்தில் எந்தப் பொருளும் சாவதில்லை. போன மாதம்வரை கேட்லாக்கின் நடுப்பக்கத்தில் ஜொலித்த மூட்டுவலிப் பவுடர் இந்த மாதம் இல்லையா? அது 'அப்கிரேட்' ஆகிக்கொண்டிருக்கிறது. எந்த ஊரில் ஆகிறது, எப்போது ஆகி முடியும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் நீங்கள் 'நெகட்டிவ்' ஆள்.

இந்தப் பதிலைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு ஹோட்டலின் மினி ஹாலில் வகுப்பு நடக்கும். மே மாதத்து வெயிலில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்ட 'லீடர்' மைக்கைப் பிடிப்பார். முதலில் கேட்டால் "ஸ்டாக் வந்துட்டே இருக்கு" என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் "டிமாண்ட் ஜாஸ்தி மேடம், ஃபாரின்லயே கிடைக்கல." அதற்கும் மசியவில்லையா? "அதைவிட பவர்ஃபுல்லா ஒண்ணு வந்திருக்கு." அந்தப் பவர்ஃபுல் டப்பாவை வாங்கிப் பார்த்தால் எடை இளைத்திருக்கும், விலை பெருத்திருக்கும், மூடி மட்டும் தங்க நிறத்துக்கு மாறியிருக்கும். "எக்காரணம் கொண்டும் நிறுத்திட்டாங்கன்னு சொல்லாதீங்க, அது உங்க இன்கமை நிறுத்திடும்" என்பார் லீடர். ஹால் கைதட்டும். தட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பொருள் நின்றுபோனதே அந்த நிமிடத்தில்தான் தெரியும்.

மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இந்தத் தொல்லை கிடையாது. "அந்த சோப்பு இப்ப வர்றதில்லம்மா, கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுவார். அவர் மானம் போவதில்லை. அந்த சோப்பைத் தேய்த்துத்தான் தன் தோல் பளபளக்கிறது என்று அவர் யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. நேரடி விற்பனையில் ஐடி போட்டுச் சேர்ந்த பெண்ணின் கதை வேறு. அவளுக்குக் கடை இல்லை, கல்லா இல்லை, விளம்பரப் பலகை இல்லை. அவளிடம் இருப்பதெல்லாம் சித்தி, நாத்தனார், மாடி வீட்டு அக்கா, பிள்ளையின் டியூஷன் டீச்சர். "நானே சாப்பிடறேன் சித்தி, என்னைப் பாருங்க" என்று தன்னையே காட்டி விற்றவள். அதனால்தான் பொருள் நின்றால் கம்பெனி பொய்யன் ஆவதில்லை, அக்கா மகள் பொய்க்காரி ஆகிறாள். விளம்பரத்துக்குச் செலவில்லாமல் மிச்சம் பிடிக்கிறோம் என்று கம்பெனிகள் பெருமையடிக்கின்றன. மிச்சம் என்ன மிச்சம்! அந்தச் செலவு முழுக்க இவள் சொந்தபந்தத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

இதில் உச்சம் உடம்புக்கு விற்கும் சரக்குதான். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது. அதனால் யாரும் அச்சில் போடுவதில்லை, காதில் சொல்கிறார்கள். "மாமா, ஆயுசுக்கும் எடுத்துக்கணும், நடுவுல நிறுத்தினா திரும்ப ஏறிடும்." நிறுத்தாதே என்று மிரட்டி விற்றவர்கள் தாங்களே நிறுத்திவிட்டார்கள். மாமாவின் ஆயுசு கெட்டி. பவுடரின் ஆயுசு இரண்டு கேட்லாக். (தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வீடு தேடி வந்து மாட்டிவிட்டுப் போனவர்கள், அதற்குள் போடும் கேண்டில் இனிமேல் வராது என்று சொல்ல மட்டும் வீடு தேடி வருவதில்லை.)

சட்டம் இல்லாமல் இல்லை. நேரடி விற்பனைக்கென்றே மத்திய அரசு 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. விற்பனையாளர் செய்த விற்பனையால் எழும் குறைகளுக்குக் கம்பெனியே பொறுப்பு என்கிறது அந்த விதி. குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 வேலை மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அருமை. ஆனால் நம் சித்தி அந்த அதிகாரிக்கா போன் செய்வாள்? வளைகாப்பு வீட்டில், பந்தியில், பத்துப் பேர் முன்னால், "ஏண்டி, அந்தப் பவுடர் என்னாச்சு?" என்பாள். அந்தக் கேள்விக்கு 48 மணி நேர அவகாசம் கிடையாது. இலையில் சாம்பார் விழுவதற்குள் பதில் வேண்டும். பொறுப்புள்ள கம்பெனி அந்நேரம் தாய்லாந்தில் 'டைமண்ட்' பட்டம் பெற்ற விற்பனையாளர்களுக்குப் பாராட்டு விழா நடத்திக்கொண்டிருக்கும்.

இந்த வியாபாரத்தின் புகழ்பெற்ற கதை ஒன்றே ஒரு நிறுத்தலில் முடிந்ததுதான். அமெரிக்காவில் டப்பர்வேர் டப்பாக்கள் கடை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை வீட்டு விருந்துகளில் பெண்களைக் கொண்டே பெண்களுக்கு விற்றுக் காட்டியவர் பிரவுனி வைஸ். 1951இல் கம்பெனி கடைகளையே கைவிட்டு அவர் வழிக்கு வந்தது. 1954இல் 'பிசினஸ் வீக்' அட்டையில் இடம்பிடித்த முதல் பெண் அவர். 1958இல் முதலாளி எர்ல் டப்பர் அவரை வெளியே அனுப்பினார். கம்பெனியில் ஒரு பங்குகூட அவர் பெயரில் இல்லை. ஒரு வருடச் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. அவர் எங்கே என்று விருந்துகளில் கேட்டிருந்தால், அப்கிரேட் ஆகிக்கொண்டிருக்கிறார் என்றிருப்பார்கள். அந்தக் கம்பெனியே 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது.

நம்மூர் லீடரும் ஒருநாள் கேட்லாக்கிலிருந்து காணாமல் போவார். அவருக்குக் கீழே சேர்ந்த 'டவுன்லைன்' பெண்கள் பதறுவார்கள். மாத பாயிண்ட் குறையக் கூடாதென்று அவர் சொல்லித்தான் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கி அடுக்கினார்கள். பீரோவின் மேல் கூரை முட்ட நிற்கிறது சரக்கு. போன் எடுக்க மாட்டார். சில மாதம் கழித்து அவரே வேறு எண்ணிலிருந்து அழைப்பார்: "மேடம், சூப்பர் ஆப்பர்ச்சூனிட்டி, வேற கம்பெனி, முதல் நூறு ஐடியில நீங்க வந்துடணும்."

"சார், அந்தப் பழைய பவுடர் இன்னும் முப்பது டப்பா கிடக்குதே?"

"அய்யோ, அதையா இன்னும் வீட்டுல வெச்சிருக்கீங்க? அதெல்லாம் கெமிக்கல், மேடம்!"