கொட்டாவி விடுவதற்குள் ஊர் வந்துவிடும்!

கேள்வி: விமானத்தில் ஏறி பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடுமா?

பதில்: வரும்! ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போய்ப் பாருங்கள். தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர், கிட்டத்தட்ட எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளம்தான். அட்டவணைப்படி 2 நிமிடம். எட்டுப் பேர் உட்காரும் குட்டி ஐலேண்டர் விமானம். விமானியின் தோள் கைக்கெட்டும் தூரத்தில். கிளம்பும்போது விட்ட கொட்டாவி முடிவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டிருக்கும்! 1967-ல் லோகன்ஏர் நிறுவனம் இந்தச் சேவையைத் தொடங்கியது. வேடிக்கைக்காக அல்ல. நூறு பேர்கூட இல்லாத பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு ஆசிரியர்களும், தீவிலிருந்து நோயாளிகளும் போய்வர இந்த விமானம் வேண்டும். இதை வீண் செலவு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடியிலேயே கடந்திருக்கிறார்கள்.