நாக்குக்கு விலை உண்டு, அடிக்குறிப்புக்கு இல்லை

2018 ஜனவரி 7. ராஜபாளையத்தில் ஒரு மேடை. கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். நடுவில் ஓர் ஆய்வு நூலை மேற்கோள் காட்டுகிறார். ஆண்டாள் ஒரு தேவதாசி, திருவரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்தவர் என்று அந்த நூல் சொல்வதாகவும், அது அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்றும் கூறுகிறார். கட்டுரை தினமணியில் அச்சாகிறது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று ஒரு பேச்சு. நாக்கை அறுத்தால் பத்துக் கோடி என்று இன்னொரு பேச்சு. பத்திரிகை ஆசிரியர் ஆண்டாள் கோயிலுக்கே வந்து வருத்தம் தெரிவித்தார், கவிஞரும் வருத்தம் தெரிவித்தார். ராஜபாளையம் போலீஸ் பதிந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. டிவியில் ராத்திரிக்கு ராத்திரி எட்டு ஜன்னலில் எட்டுத் தலைகள்.

சரி, அந்த நூல் எது? தொகுத்தவர் சுபாஷ் சந்திர மாலிக். வெளியிட்டது இண்டியானா அல்ல, நம் சிம்லாவில் இருக்கும் இந்திய உயர் ஆய்வு நிறுவனம். ஆண்டு 1978. கட்டுரையை எழுதியவர்கள் எம்.ஜி.எஸ். நாராயணன், கேசவன் வேலுத்தாட் என்ற கேரள வரலாற்றாசிரியர்கள் இருவர். பக்தி இயக்கம் பற்றிய கட்டுரை அது. எம்.ஜி.எஸ். அப்போது கோழிக்கோட்டில் உயிரோடு இருந்தார், 2025இல்தான் காலமானார். செங்கோட்டை வழியாக மலை இறங்கினால் கேரளம். ஊர்வலம் போனவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? மேற்கோளைக் கைதட்டி வரவேற்றவர்களில்தான் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை ஒரு பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவியிடம் கொடுத்திருந்தால் போதும். யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்த ஆதாரத்தை வைத்து எழுதியது என்று கேட்டிருப்பாள். வரலாற்றுத் துறையில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அந்த மூன்று கேள்விகளைத்தான். கேட்டிருந்தால் கவிஞர் மேடையில் நூலின் முகவரியைத் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார். எதிர்த்தவர்களும் சோடா பாட்டிலுக்குப் பதில் சாசன ஆதாரத்தைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த மாணவியை யாரும் கூப்பிடவில்லை. பாவம், அவளை அந்தக் கோர்ஸில் சேரவிடவே இல்லையே.

“ஹிஸ்டரியா? அதைப் படிச்சு என்னம்மா பண்ணப் போற?” என்று கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அண்ணாச்சிதான். காலையில் கொடி பிடித்து, “எங்க ஆண்டாள் சரித்திரத்தத் திரிக்கிறானுக” என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தவர், மாலையில் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் பி.காம். என்று எழுதிக்கொண்டிருந்தார். மில்லில் கணக்கு எழுதவாவது உதவுமாம். பி.காம். மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் சரித்திரத்துக்காக நாக்கை அறுக்கத் தயாராக இருப்பவர், அதைப் படிக்க மூன்று வருடக் கல்லூரிக் கட்டணம் கட்டமாட்டேன் என்றால், அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது?

சொல்லப்போனால் அண்ணாச்சி வரலாற்றில் ஆர்வம் இல்லாதவர் அல்ல. வாட்ஸ்அப்பில் தினம் நான்கு வரலாறு அனுப்புகிறார். சாதிச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார். அந்த மலரில் அவருடைய முன்னோர்கள் மூவேந்தரில் ஒருவராகவோ, முடியாதபட்சத்தில் மூவேந்தரின் தளபதியாகவோ இருக்கிறார்கள். எந்தச் சங்கத்து மலரை எடுத்தாலும் எல்லோரும் மன்னர் பரம்பரைதான். களை பறித்தவன், மாடு மேய்த்தவன், வரி கட்ட முடியாமல் ஊரைவிட்டு ஓடினவன் என்று ஒருத்தரும் இந்த நாட்டில் இருந்ததில்லை போலிருக்கிறது. அவர்களுக்கு வாரிசும் இல்லை. அந்த மலரில் அடிக்குறிப்பு இருக்காது. சேர்மனின் புகைப்படம் இருக்கும்.

இந்த ஊரில் வம்சாவளியை ஒழுங்காக எழுதி வைத்திருப்பது நாய்க்குத்தான். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே போட்டார்கள். தாய் எது, தகப்பன் எது என்று சான்றிதழோடு விற்கிறார்கள், ஆதாரம் இல்லாத குட்டிக்கு விலை இல்லை. இதே ராஜபாளையத்திலிருந்து போய் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர் பூ.ச. குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர். அந்த மன்றத்து வாசலில் ஒரு பையனை நிறுத்தி அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பின்பு நாயைப் பற்றிக் கேளுங்கள்.

ஆண்டாளிடமே திரும்புவோம். திருப்பாவையில் ஓரிடத்தில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் அவள் சொல்கிறாள். மார்கழி முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஒலிபெருக்கியில் அந்த அடி ஊரை எழுப்புகிறது, நாமும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். மு. இராகவையங்கார் மூடிக்கொள்ளவில்லை. வெள்ளியும் வியாழனும் அப்படி எதிரெதிரே நின்ற விடியல் எந்த ஆண்டில் வரும் என்று கணக்குப் பார்த்து, கி.பி. 731 என்றார். அவருடைய ‘ஆழ்வார்கள் காலநிலை’ அந்த வகை உழைப்பு. மறுத்தவர்கள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளியவர்கள் உண்டு. ஒரு பாட்டு வரியை வைத்து வானத்தை அளக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் ஐயங்காரின் நாக்குக்கு விலை வைக்கவில்லை. கணக்கைத்தான் திருப்பிப் போட்டார்கள். பக்தி குறைந்ததாகவும் தகவல் இல்லை.

அப்படிக் கணக்குப் போட இன்று ஆள் வேண்டுமா? இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொள்ளும் லட்சணத்தைப் பாருங்கள்.

டெல்லியை முதலில் முடித்துவிடுவோம், அங்கே சொல்ல அதிகம் இல்லை, எல்லாம் பட்டவர்த்தனம். 2020 அக்டோபரில் மத்தியத் தொல்லியல் துறையின் நொய்டா கல்வி நிறுவனம் பட்டயப் படிப்புக்கு ஆள் கேட்டது. சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் படித்தவர்கள் வரலாம். தமிழ்? மறந்துவிட்டார்கள். கல்வெட்டுகளில் முன்வரிசையில் நிற்கும் மொழியைக் கல்வெட்டு படிக்கும் இடத்தில் மறப்பதற்குத் தனித் திறமை வேண்டும். இங்கிருந்து கூச்சல் போன பிறகு சேர்த்தார்கள். கீழடியைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணாவை 2017இல் அசாமுக்கு அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் அவர் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம், திருத்தி எழுது என்று திருப்பி அனுப்பினார்கள். மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்ல 2021இல் உயர் நீதிமன்றம்தான் வேண்டியிருந்தது.

டெல்லியைத் திட்டும்போது நமக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! இப்போது வீட்டுக்குள் வாருங்கள்.

5,300 ஆண்டுக்கு முந்தைய இரும்பு என்று 2025 ஜனவரியில் சென்னையில் அறிவித்தார்கள். பெருமைதான், சந்தேகமில்லை. வெம்பக்கோட்டையில் 2022இல் தோண்டத் தொடங்கினார்கள். சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும் வந்தால் அமைச்சர் படத்தோடு செய்தி வந்தது. நம் வைப்பாற்றங்கரைக்கும் ஒரு பழமை கிடைத்தது என்று நானும் மகிழ்ந்தேன். இந்தப் பெருமைகளை வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பவர் யார்? அரசுக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர். பெயரிலேயே கௌரவத்தைக் கொடுத்துவிட்டதால் சம்பளத்தில் கொடுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம். நிரந்தர வேலைக்காக 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் தேர்வு என்றார்கள். தள்ளிவைத்தார்கள்.

கீழடியை மத்திய அரசும் மாநில அரசும் தோண்டுவதற்கு எத்தனையோ ஆண்டு முன்னால், 1970களிலேயே, அங்கே பழம்பொருள் இருக்கிறது என்று கண்டு சொன்னவர் உள்ளூர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் பாலசுப்பிரமணியம். நிரந்தர வேலையில் இருந்த ஆசிரியர். பையன்கள் கொண்டுவந்த ஓட்டைக் கையில் வாங்கிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. இன்றைய கௌரவ விரிவுரையாளர் சாயங்காலம் டியூஷன் எடுக்கப் போயாக வேண்டும். ஓட்டைக் கொண்டுவரும் பையன் பஸ் ஸ்டாண்டில்தான் அவரைப் பிடிக்க முடியும்.

டியூஷனா? வரலாறு நம் ஊரில் நன்றாக விலைபோகும் ஒரே இடம் அதுதான், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர். 2024 குரூப் 4 தேர்வில் 6,244 இடத்துக்கு 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பி.காம். படித்த அண்ணாச்சி மகளும் அதில் ஒருத்தி. இப்போது மாடியறையில் உட்கார்ந்து சிந்துவெளியையும் பாளையக்காரர்களையும் நெட்டுரு போடுகிறாள். சொல்லிக்கொடுப்பவர் வரலாற்றில் பிஎச்.டி. முடித்தவர். மாதிரித் தேர்வுக்கு அவரே தயாரித்த ஒரு கேள்வி வினாத்தாளில் போகவில்லை, கோச்சிங் சென்டர் முதலாளி அடித்துவிட்டார். இதுதான் அது:

நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்ற வரலாற்று விரிவுரையாளர் ஒருவர், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் மே மாதம் பெறும் ஊதியம் எவ்வளவு?

(அ) 57,700 ரூபாய், உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம்
(ஆ) 50,000 ரூபாய், யுஜிசி கௌரவ விரிவுரையாளருக்குச் சொன்ன உச்சவரம்பு
(இ) 25,000 ரூபாய்
(ஈ) பூஜ்யம்
(உ) விடை தெரியவில்லை

விடைக்குறிப்பு வெளியாகும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்.