ஒரு வாய் அன்பர்

பசியோடு நம்முடன் சாப்பிட வருகிறவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருடைய வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு, அது நிறைந்ததும் கை கழுவ எழுந்துவிடுவார். தமக்குப் பசியே இல்லை, ஒன்றுமே வேண்டாம், நம்முடைய துணைக்காக மட்டுமே வந்திருப்பதாகப் பிரகடனம் செய்துவிட்டு எதிரே அமர்கிறாரே ஓர் அன்பர், அவர்தாம் பயப்பட வேண்டிய பிரகிருதி. சிங்கப்பூரின் தேக்கா நிலையத்து உணவங்காடியில் இத்தகைய ஒருவரோடு அடிக்கடி மேசை பகிர்ந்துகொள்ளும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

இடம் பிடிப்பது அவர் பொறுப்பு. கூட்டம் எவ்வளவு நெரிந்தாலும், காலி மேசையின்மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டால் அதை யாரும் தீண்டமாட்டார்கள் என்பது அந்த ஊர் சம்பிரதாயம். எங்கள் கூட்டு வியாபாரத்தில் அன்பர் போடுகிற முதலீடு அந்தப் பொட்டலம் ஒன்றுதான். போகும்போது அதையும் மறவாமல் பையில் போட்டுக்கொள்வார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ண்ணே. காலையில சாப்பிட்ட இட்லியே இன்னும் நெஞ்சுல நிக்குது. நீங்க சாப்பிடுங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்பார். இந்த வைராக்கிய வாசகத்தைக் கேட்டு உள்ளம் உருகி, இரண்டு தோசை வாங்கலாமென்று நான் எழுந்தால், உடனே குறுக்கிட்டு, "இவ்வளவு தூரம் வந்து தோசையா? மீ கோரெங் சொல்லுங்க. முட்டை சேர்த்துப் போடச் சொல்லுங்க. உறைப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்று, சாப்பிடப் போகிறவனுக்கே இல்லாத அக்கறையோடு விவரங்களை அடுக்குவார்.

மீ கோரெங்கின் பெருமையை இங்கே சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்ட செயல். சீனர்கள் கொண்டுவந்த மஞ்சள் மீ என்கிற நூடுல்ஸை வாங்கி, தங்கள் மிளகாய் விழுதையும் தக்காளிச் சாற்றையும் அதன் தலையில் கொட்டி, உருளைக்கிழங்கு, ஆட்டிறைச்சி, முளைப்பயறு முதலிய பரிவாரங்களைச் சேர்த்து, சீனச்சட்டியில் பெருந்தீயில் புரட்டிச் செக்கச்செவேலென்று தட்டில் இறக்கி, ஓரத்தில் நாலு வெள்ளரித் துண்டும் வைத்துத் தருகிற வித்தையைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். அதன் ஆவி முகத்தில் பட்டதுமே அன்பரின் நெஞ்சில் நின்ற இட்லி இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும்.

"ஒரு வாய் பாக்கட்டுமா?" என்பார்.

சோறாயிருந்தால் ஒரு வாய் என்பதற்கு ஒரு பிரமாணம் உண்டு. இட்லியாயிருந்தால் போன பங்கும் இருக்கிற பங்கும் கண்ணுக்குத் தெரியும். ஆதியும் அந்தமுமில்லாத வஸ்துவான மீயில் எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று யாரால் சொல்ல முடியும்? அன்பர் முள்கரண்டியால் ஓர் இழையைத்தான் பிடிப்பார். அது தன் சகோதரர்களையும் சம்பந்திகளையும் இழுத்துக்கொண்டு, இடையில் அகப்பட்ட இரண்டு இறைச்சித் துண்டுகளோடும் முட்டையின் பெரும்பகுதியோடும் அவர் புருவ மட்டத்துக்கு எழும்பும். "நான் ஒண்ணுதாண்ணே எடுத்தேன். அதுவா வருது!" என்று அந்தக் குடும்ப ஒற்றுமையைக் கண்டு அவரே வியந்துபோவார்.

மென்று முடித்ததும் தீர்ப்புச் சொல்வார்: உப்பு ஒரு கல் குறைவு. தீர்ப்பு அவசரப்பட்டுச் சொன்னதாக இருக்கக்கூடாதல்லவா? ஆகவே மறுவிசாரணைக்கு இன்னொரு வாய். மறுவிசாரணையில் உப்புச் சரியாக இருந்துவிடுவதால், இரண்டில் எது மெய்யென்று நிச்சயிக்க மூன்றாவது வாய்.

அவருக்கென்று இன்னொரு தட்டு வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று நீங்கள் யோசனை சொல்லக்கூடும். நானும் வாங்கிப் பார்த்தேன். "யாருக்கு இது? நான்தான் சாப்பிடலையே!" என்று மனம் நொந்து, அந்தத் தட்டை விரல் நுனியால் ஒதுக்கிவிட்டு, பழையபடி என் தட்டிலேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவர் நாக்குக்குப் பதார்த்தத்தின் ருசி இரண்டாம்பட்சம். அது பிறருக்குச் சொந்தமானது என்பதே அதன் பிரதான ருசி. இதை அற்பத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தத் தட்டை விட்டு மற்றவர் தட்டை ஓரக்கண்ணால் பாராதவர் நம்மில் எத்தனை பேர்? அன்பர் கண்ணோடு நிறுத்திக்கொள்வதில்லை, அவ்வளவுதான். என் முகம் சற்றுச் சுருங்கினால், சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்ததை எனக்கு நினைவூட்டி, "எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து சாப்பிடுறாங்கன்னுதாண்ணே அந்த மரியாதையே" என்பார். சர்வதேசப் புகழுக்கு என்னால் களங்கம் வரலாமா?

அடுத்தது ஐஸ் கச்சாங். சர்க்கரை வியாதி காரணமாக இனிப்பைத் தொடவே கூடாதென்று வைத்தியர் கட்டளையிட்டிருப்பதை முதலில் சொல்லிவிடுவார். சீவிய பனிக்கட்டியின்மேல் ஊற்றுகிற குலா மலாக்காப் பாகு தென்னையிலிருந்து எடுப்பதாகையால் அது சர்க்கரை என்ற இனத்திலேயே சேராதென்றும் அடுத்த மூச்சில் சொல்வார். வைத்தியருக்கு இந்தச் சித்தாந்தம் எட்டியிருக்கிறதா என்று கேட்பது நாகரிகமாகாது. இரண்டாவது கரண்டியை எப்போது எடுத்துவந்தார் என்பதையும் நான் கேட்பதில்லை. அந்தக் கிண்ணத்தில் மேலே தெரிகிற வர்ணக் குன்று வெறும் பனிக்கட்டி. சிவப்பு அவரையும், நீப்பாப் பனையிலிருந்து வருகிற, நுங்கைப்போல் வழுவழுவென்றிருக்கும் அட்டாப் சீயும் அடியில் புதைந்து கிடக்கும். சிகரத்தை அன்பர் தாராளமாக எனக்கே விட்டுவிடுவார். அடிவாரத்தில் பக்கவாட்டாக ஒரு சுரங்கம் போகும். குன்று சரிந்து நான் விழித்துக்கொள்ளும்போது, கீழே நிறம் மங்கிய தண்ணீர்தான் இருக்கும்.

உண்ட தட்டை மேசைமேல் விட்டுப் போகிறவர்களுக்கு முதன்முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம் என்ற நடைமுறை 2021 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. சட்டத்துக்கு அன்பர் மிகவும் கட்டுப்பட்டவர். "அண்ணே, உங்க தட்டு" என்று சுட்டிக்காட்டுவார். நான் தட்டையும் கிண்ணத்தையும் இரண்டு கரண்டிகளையும் தாங்கிக்கொண்டு நடக்க, காகிதப் பொட்டலத்தைப் பையில் பத்திரப்படுத்தியவாறே பின்னால் வருகிறவர், கைப்பேசியில் மனைவியாரிடம் பேசுவது காதில் விழும்:

"இல்ல, வெளிய ஒண்ணும் சாப்பிடல. அண்ணன்தான் சாப்பிட்டாங்க, நான் சும்மா கூட உக்காந்திருந்தேன். வீட்டுல என்ன இருக்கு?"