காசியில் மூன்றே நாளில் ஸ்திதப்பிரக்ஞர் ஆவது எப்படி?

அழகுக்கும் மயங்காமல், துன்பத்துக்கும் கலங்காமல் சமநிலையில் நிற்பவர்தான் ஸ்திதப்பிரக்ஞர். ஆகவே முதலில் ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடைக்கானல் உதவாது, அங்கே அழகு மட்டும்தான். மே மாத மத்தியானத்துப் பேருந்து நிலையமும் உதவாது. துன்பம் தாராளம், அழகு பூஜ்யம். இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் கிடைப்பது காசியில். மொத்தம் 84 படித்துறைகள். தசாசுவமேதத்தில் மாலை ஆரத்தி. பொடிநடையாகப் போனால் மணிகர்ணிகையில் இரவு பகல் ஓயாமல் எரியும் சிதைகள். ஒரே படகில் இரண்டையும் பார்த்துவிடலாம். பேரத்தைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். ஏறிய பிறகு பேசினால் சமநிலை நடு ஆற்றிலேயே போய்விடும்.

அழகுக்கு மயங்காமல் இருப்பது எளிது. ஆரத்தியைக் கைபேசி வழியாக மட்டும் பாருங்கள். அடுக்கு தீபங்கள், சங்கு, தண்ணீரில் நெளியும் வெளிச்சம் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும். முன்னால் நிற்பவர் கையைத் தூக்கி மறைத்தால் பதற வேண்டாம், அவருடைய திரையில் பார்க்கலாம்.

துன்பத்துக்குத்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும். மணிகர்ணிகையில் படம் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். ஆகவே கண்ணால் பார்த்தாக வேண்டிய கட்டாயம். போகும் சந்திலேயே 'ராம் நாம் சத்ய ஹை' என்று குரல் கேட்கும், ஜிகினாத் துணி போர்த்திய பாடை தோளை உரசிக்கொண்டு போகும். சுவரோடு ஒட்டி நின்று 'எல்லாம் மாயை' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விறகுத் தராசுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே மொட்டையடித்த மகன் ஒருவன் எடைக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டுவிட்டு, மடியிலிருக்கும் பணத்தை எண்ணுவான். பிறகு தட்டிலிருந்து இரண்டு கட்டைகளை இறக்கிவிடச் சொல்வான். மாயையில் ஏன் இரண்டு கட்டை குறைகிறது என்பதற்கு எந்த உரையாசிரியரும் விளக்கம் எழுதியதாகத் தெரியவில்லை.

சிதை தணிந்த பிறகு, டோம் சமூகத்துத் தொழிலாளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சாம்பலை அரிப்பார்கள், ஒரு பொட்டுத் தங்கமாவது தேறுமா என்று. 'இவரல்லவா உண்மையான ஞானி' என்று ஊர் திரும்பியதும் எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். நாள் முழுக்கக் குனிந்து நிற்பவருக்கு இடுப்பு வலிதான் முதல் தத்துவம்.

1813இல் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு அன்றாடம் 'சம்போ' முழக்கத்தோடு பூஜைப் பொருட்கள் போகின்றன. அந்த ஊர்வலத்துக்குப் பின்னாலும் நடக்கலாம், ஆனால் பயிற்சிக்கு ஆகாது. பால் வந்ததா, வில்வம் வந்ததா என்ற கவலையில் இருப்பவர்களிடம் சமநிலையைப் பற்றி விசாரித்தால் வழியை விடச் சொல்வார்கள்.

கடைசிப் பாடம் துறவு. காசிக்குப் போனால் மிகவும் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். இதில் நம்மவர்கள் கரைகண்டவர்கள். பாகற்காயை விட்டவர்கள் எத்தனையோ பேர். காப்பியை விட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பழம் என்றால் நம் சந்தைக்கே வராத பழமாகப் பார்த்து விடுவது உத்தமம். ஒன்றை மட்டும் வீட்டிலேயே கலந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள். ஏதோ ஒரு வேகத்தில் மாமனார் முருங்கைக்காயையும் மாமியார் கத்தரிக்காயையும் கங்கையில் விட்டுவிட்டு வந்தால், காசிக்கே போகாத மருமகள்தான் சாம்பாரில் எதைப் போடுவது என்று தினமும் விழித்துக்கொண்டு நிற்பாள்.