சோசியமா படிச்சே?

எம்.ஏ. சோசியாலஜி முடித்த கையோடு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலை மாமாவுக்கு. "என்ன மாப்ளே படிச்சிருக்கே?" என்றார். சொன்னேன். ரசம் ஊற்ற வந்தவரைக் கையமர்த்திவிட்டு, "சோசியமா? அப்ப நம்ம பயலுக்கு எப்ப வேலை கெடைக்கும், பாத்துச் சொல்லேன்" என்றார். வரிசையே சிரித்தது.

சோசியமே படித்திருக்கலாம். கட்டத்தைப் பார்த்து "சனி விலகினா எல்லாம் சரியாகும்" என்றால் தட்டில் 500 ரூபாய் விழுகிறது. ஊரைப் பார்த்து "சாதி விலகினால் சரியாகும்" என்றால் நம்மைத்தான் விலக்கிவைக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் இங்கே பிள்ளைகளைப் புடைத்துப் பிரிக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். மார்க் இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப். மிச்ச உமி ஆர்ட்ஸ் குரூப். நல்ல மார்க்கை வைத்துக்கொண்டு ஹிஸ்டரி கேட்ட என்னிடம் தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதும் பிரச்சனையாப்பா?" என்றார்.

பிரச்சனை வீட்டில் இல்லை ஐயா, வகுப்பில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டது; 2024 ஜூனில் அறிக்கை தந்தார். மாணவர்கள் கையில் கலர் கயிறு கட்டக்கூடாது என்பதும் அதில் ஒரு பரிந்துரை. அடுத்த பெஞ்சுக்காரனின் மணிக்கட்டைப் பார்த்தே அவன் சாதியைப் படித்துவிடுகிறான் நம் பிள்ளை. இந்தப் பாடத்தை எந்தக் குரூப்பில் சொல்லிக்கொடுத்தீர்கள்? அவனை எதிரே உட்கார்த்திப் பேச ஒரு சமூகவியல்காரனை வேலைக்கு வைப்போம் என்றால் மட்டும், "அதுல என்னப்பா ஸ்கோப் இருக்கு?"

நானும் வேலைக்குப் போனேன், கௌரவ விரிவுரையாளராக. கௌரவம் பெயரோடு சரி. மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019ல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் அதற்குப் பிறகும் பல ஆண்டு அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. நான் இருந்த கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்ய நாக் குழு வந்தபோது, தற்கொலை பற்றிச் சமூகவியலறிஞர் துர்கைம் செய்த ஆய்வை நடத்திக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்திவிட்டுக் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குக் காவி அடித்தேன். (பாதியில் நிறுத்தியதும் நல்லதுதான். காரணங்கள் ஒவ்வொன்றாக எனக்கே பொருந்திக்கொண்டு வந்தன.) நிரந்தர வேலையா? 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் தேர்வு என்றார்கள். ஆகஸ்டு வந்தது, தேர்வுதான் வரவில்லை.

பந்தியில் சோசியம் கேட்ட மாமாவின் மகன் மெக்கானிக்கல். கேம்பஸில் ஒன்றும் அமையாமல் இப்போது டிஎன்பிஎஸ்சி குரூப் டூவுக்குப் படிக்கிறான். போன வாரம் போன் பண்ணினான்.

"மச்சான், ஆறாப்புலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் சோசியல் புக்கு வச்சிருக்கியா? கோச்சிங்ல மொதல்ல அதைத்தான் படிக்கச் சொல்றாங்க."

"வச்சிருந்தேன்டா. இதெல்லாம் சோறு போடாதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லி எடைக்குப் போடவச்சதே உங்கப்பாதான்."

கிலோ 12 ரூபாய்க்குப் போனது.