எந்த விரிசல் யாருடையது?

கேள்வி: நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் வீட்டுக்கு முறையாகக் காப்பீடு எடுத்தவர்கள்கூட நிலநடுக்கத்துக்குப் பிறகு பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்களாமே, ஏன்?

பதில்: பூமி ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. 2010 செப்டம்பரில் 7.1 ரிக்டர். 2011 பிப்ரவரியில் 6.3, அதில் 185 பேர் இறந்தார்கள். ஜூனிலும் டிசம்பரிலும் மறுபடி ஆட்டம். அங்கே அப்போது ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும், வீட்டுச் சேதத்தில் முதல் ஒரு லட்சம் டாலரை (வரி தனி) அரசின் நிலநடுக்க ஆணையம் தர வேண்டியிருந்தது. அதற்கு மேல் தனியார் காப்பீட்டுக் கம்பெனி. ஆகவே சுவரிலிருக்கும் விரிசல் செப்டம்பரில் பிறந்ததா, பிப்ரவரியில் பிறந்ததா என்று ஜாதகம் கணிக்க வேண்டியதாயிற்று. மதிப்பீடு லட்சத்துக்குள் நின்றால் செலவு ஆணையத்துக்கு, தாண்டினால் கம்பெனிக்கும் பங்கு. யாருக்குத்தான் அவசரம்?

அவசரமெல்லாம் குடும்பத்துக்கு. மாற்று வீட்டு வாடகைக்குப் பாலிசியில் உச்சவரம்பு உண்டு, இழுபறிக்குக் கிடையாது. இடிந்த வீட்டின் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். இழப்பீடு ரொக்கமாக வந்தாலும் கடன் கொடுத்த வங்கி முதலில் கை நீட்டும். ஒவ்வொரு அதிர்வுக்குப் பிறகும் தேதியோடு படம் எடுத்து, பேசிய அதிகாரியின் பெயரைக் குறித்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

2021 முதல் ஆணையத்தின் பங்கையும் கம்பெனியே கணக்குப் பார்க்கிறது. 2022-ல் வரம்பும் 3 லட்சமானது. ஆணையத்தின் காப்பு வீட்டுத் தீக்காப்பீட்டோடு ஒட்டியே வருவதால், அதையே எடுக்காதவருக்கு இந்த அரசுப் பணமும் இல்லை; விரிசல் ஆராய்ச்சித் தொல்லையும் இல்லை.