கூடாரத்துக்குக் காசு

தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்துச் சம்சாரி பன்றிக்குப் பயந்து மலையடிவாரத் தோட்டத்தில் ராக்காவல் கிடந்தால் அது பிழைப்பு. அதே மலைத்தொடரில் கொஞ்சம் தெற்கே, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தால் சூழல் சுற்றுலா. கட்டணம் ஆயிரக்கணக்கில், முன்பதிவு வேறு.

அங்கே ஒரு காலத்தில் திருட்டுத்தனமாய் வயணப்பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்தவர்களையும் வேட்டைக்காரர்களையும் 1990களில் வனத்துறை கூப்பிட்டுக் குழுவாக்கியது. வழக்குகள் போயின, வழிகாட்டி வேலை வந்தது. நம்மை அழைத்துப்போவது அவர்கள்தாம். கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். யாரிடமிருந்து யாரைக் காக்க என்று கேட்கக்கூடாது. ரோந்தும் அவர்களே போகிறார்கள். கள்ளனுக்குத்தானே கள்ளன் போகும் தடம் தெரியும்!

புலியா? அட்டைதான் நிச்சயம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.